இன்ட்ரூசிவ்: தள்ளிக்கிட்டு உள்ள வந்த ஒரு வார்த்தை

போன மாசம் சொந்தத்துல ஒரு வளைகாப்பு. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் வெத்தல போட்டுட்டு உக்காந்திருக்கும்போது எங்க அத்தை, என் அக்கா பொண்ண பக்கத்துல கூப்பிட்டு வச்சுக்கிட்டு "உனக்கும் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, ஏதாச்சும் விசேஷம் உண்டா, இல்ல தள்ளிப் போட்டிருக்கீங்களா, டாக்டர்ட்ட காட்டுனீங்களா"ன்னு வரிசையா கேக்க ஆரம்பிச்சாங்க. அவ ரெண்டு கேள்வி வரைக்கும் சிரிச்சு சமாளிச்சா. மூணாவது கேள்விக்கு "அத்தப்பாட்டி, திஸ் இஸ் வெரி இன்ட்ரூசிவ்"னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டா. அத்தை என்னைப் பாத்து "ஏன்டா, என்னமோ சொல்லிட்டுப் போறாளே, என்ன அர்த்தம்?"னாங்க. நான் மொழிபெயர்ப்பு வேலை பாக்குறவன்கிறதால குடும்பத்துல டிக்‌ஷனரி வேலையும் நம்ம தலையிலதான். "மூக்கை நுழைக்கிறீங்கன்னு சொல்றா"ன்னேன். அத்தைக்கு கோவமே வரல, ஆச்சரியமாத்தான் பாத்தாங்க. "அவளக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனவ நான். நான் எங்கடா வெளிய இருந்து வந்தேன், நுழையுறதுக்கு?"

நான் சொன்ன அர்த்தம் தப்பில்ல. ஆனா அத்தை கேட்ட கேள்வி அந்த வார்த்தையோட நடு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா இன்ட்ரூசிவ்ங்கிற வார்த்தை எங்கெல்லாம் போகுதோ, சட்டம், சர்ச், பாறை, உச்சரிப்பு, மனசு, எங்க போனாலும் கடைசில சண்டை ஒரே இடத்துலதான் வந்து நிக்குது: வீடு யாருது, யாரு முன்னாடியே உள்ள இருந்தா, அதை யாரு சொல்றது. நுழைஞ்ச ஆளப் பத்தி அந்த வார்த்தை சொல்றதை விட, நுழைஞ்சான்னு சொல்ற ஆளப் பத்தி சொல்றதுதான் அதிகம்.

முதல்ல வேர். லத்தீன்ல ட்ரூடெரேன்னா தள்ளுறது, நெட்டுறது. கூட்டத்துல முழங்கையால இடிச்சுத் தள்ளுற மாதிரியான தள்ளு. அதுக்கு முன்னாடி இன் சேந்தா உள்ள தள்ளுறது, இன்ட்ரூடெரே. கடைசில வர்ற இவ்ங்கிற ஒட்டு, அதுவே குணமா இருக்குறதக் காட்டும். ஒரு தடவ உள்ள வந்தா அது இன்ட்ரூஷன், வர்றதே வழக்கமா வச்சிருந்தா இன்ட்ரூசிவ்.

இதே ட்ரூடெரேக்கு நிறைய பிள்ளைங்க இருக்கு. வெளிய பிதுங்குனா எக்ஸ்ட்ரூட், இடியாப்ப உரல்ல மாவு வர்ற மாதிரி. முன்னாடி துருத்திக்கிட்டு நின்னா ப்ரொட்ரூட். அப்ஸ்ட்ரூஸ்னு ஒரு வார்த்தை, புரியாத கடினமான விஷயத்துக்கு சொல்றது, அதுவும் இந்தக் குடும்பம்தான், தள்ளி ஒளிச்சு வச்சதுன்னு அர்த்தம். லத்தீன் வழியா வராம இங்கிலீஷுக்குள்ளயே ரொம்ப காலமா இருக்குற ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு, த்ரெட், அதாவது மிரட்டல். பழைய இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு கூட்டம், நெருக்கடின்னும் அர்த்தம் இருந்துச்சு. கூட்டம் நெருக்கித் தள்ளுறதுல இருந்து மிரட்டல்னு போயிருக்கு. பஸ் ஸ்டாண்டுல நின்ன யாருக்கும் இது புரியும்.

இங்க இன்வேசிவ்வோட ஒரு வித்தியாசத்த சொல்லிடுறேன், நெறைய பேரு ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுறாங்க. இன்வேசிவ்ல இருக்குறது வாடெரே, போறது, நடக்குறது. அது உள்ள நடந்து போயி பரவிடும், இடத்தையே எடுத்துக்கும், சீமைக்கருவேல மரம் மாதிரி, கேன்சர் மாதிரி, படையெடுப்பு மாதிரி. இன்ட்ரூசிவ் அப்படி இடத்தைப் பிடிக்கணும்னு அவசியமில்ல, கூப்பிடாம உள்ள வந்து நின்னாலே போதும். அதான் ஆபரேஷன இன்வேசிவ்னு சொல்றாங்க, கேள்விய இன்ட்ரூசிவ்னு சொல்றாங்க. அப்புறம் ஆப்ட்ரூசிவ், அது உள்ள வராது, மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். கல்யாண வீடியோக்காரர் லைட்டோட மணமேடைக்கு முன்னாடி நின்னு யாருக்கும் தாலி கட்டுறது தெரியாமப் பண்றாருல்ல, அது ஆப்ட்ரூசிவ். அதே ஆளு மணமகள் அறைக்குள்ள கதவத் தட்டாம வந்தா இன்ட்ரூசிவ்.

இந்த வார்த்தைக் குடும்பம் இங்கிலீஷுக்குள்ள வந்தது 14, 15ஆம் நூற்றாண்டு வாக்குல, வந்தப்ப இப்ப இருக்குற மாதிரி மனசு புண்படுற அர்த்தம் கிடையாது, சுத்தமா சொத்து, பதவி விவகாரம். உரிமை இல்லாத ஆளு சர்ச் பதவியில போயி உக்காந்தா அது இன்ட்ரூஷன். நிலத்துல இன்னும் நுணுக்கம். பிளாக்ஸ்டன்ங்கிற சட்ட அறிஞர் 1765ல இருந்து 1769 வரைக்கும் இங்கிலாந்து சட்டத்த நாலு வால்யூமா எழுதுனாரே, அதுல நிலத்த பறிகொடுக்குற வகைகள ஒவ்வொண்ணா பிரிச்சு வச்சிருக்காரு. சொந்தக்காரன் செத்து வாரிசு வர்றதுக்கு முன்னாடி மூணாவது ஆளு உள்ள பூந்தா அதுக்கு ஒரு பேரு. ஆனா ஒருத்தருக்கு ஆயுள் வரைக்கும்தான் அனுபவ பாத்தியதை, அவருக்கு அப்புறம் யாருக்குன்னு ஏற்கனவே எழுதி வச்சாச்சு, அந்த முதல் ஆளு செத்து அடுத்த ஆளு வந்து கால் வைக்கிறதுக்குள்ள நடுவுல ஒருத்தன் பூந்தான்னா அதுதான் இன்ட்ரூஷன். அதாவது சாவுக்கும் சாவிக்கும் நடுவுல உள்ள இடைவெளி. நம்ம ஊர்ல பாகப்பிரிவினை கேஸு பாத்தவங்களுக்கு அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானதுன்னு தெரியும்.

சர்ச் பக்கம் இந்த வார்த்தை ஒரு பெரிய உடைப்பையே பண்ணிருக்கு. ஸ்காட்லாந்துல ஒரு ஊரு சர்ச்சுக்கு யாரு பாதிரியார்னு முடிவு பண்ற உரிமை அந்த ஊரு நிலப்பிரபு மாதிரியான பேட்ரன் கையில இருந்துச்சு. சபை மக்களுக்குப் பிடிக்கலேன்னாலும் அவரு அனுப்புற ஆளு வந்து உக்காந்துடுவாரு. அப்படி வர்ற ஆள ஊர் மேல இன்ட்ரூட் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. 1834ல சபை மக்கள் வேணாம்னு சொன்னா அந்த ஆள் வரக்கூடாதுன்னு சர்ச்சே ஒரு விதி போட்டுச்சு, கோர்ட்டு அது செல்லாதுன்னுடுச்சு. கிட்டத்தட்ட பத்து வருஷம் இழுத்து 1843 மே மாசம் 18ஆம் தேதி எடின்பரோல, தாமஸ் சால்மர்ஸ் தலைமையில 450க்கு மேல பாதிரியாருங்க வீடு, சம்பளம், சர்ச் கட்டடம் எல்லாத்தையும் விட்டுட்டு வெளிய வந்து ஃப்ரீ சர்ச்னு தனியா ஆரம்பிச்சாங்க. இவங்க கட்சிக்கு அதுக்கு முன்னாடி இருந்தே இருந்த பேரு நான் இன்ட்ரூஷனிஸ்ட். தள்ளித் திணிக்கிறத ஏத்துக்காதவங்க.

இதுக்கும் மெட்ராஸுக்கும் தொடர்பு இருக்கு. 1837ல ஜான் ஆண்டர்சன்னு ஒரு ஸ்காட்லாந்து மிஷனரி மெட்ராஸ்ல நடத்த ஆரம்பிச்ச ஸ்கூல்தான் பின்னாடி மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜா வளந்துச்சு, 1843 உடைப்பப்ப அவரும் ஃப்ரீ சர்ச் பக்கம் போயிட்டாரு. எடின்பரோல ஒரு வார்த்தைக்காக நடந்த சண்டைல இங்க ஒரு ஸ்கூலுக்கு முதலாளி மாறியிருக்கு. (அந்த மிஷனரிங்கள மெட்ராஸ்ல இன்ட்ரூசிவ்னு நெனச்சவங்களும் நிறைய பேரு இருந்தாங்க, மதம் மாத்துறதப் பத்தி பெரிய கலாட்டாவே நடந்துச்சு. ஸ்காட்லாந்துல திணிக்காதேன்னு சொன்ன அதே ஆளுங்க. வீடு மாறுனா வேஷம் மாறுது.)

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பாறை.

ஜியாலஜில இன்ட்ரூசிவ்னா பூமிக்கு அடியில உருகிக் கிடக்குற மாக்மா, மேல வந்து எரிமலையா கொட்டாம, ஏற்கனவே இருக்குற பாறைக்குள்ள வெடிப்புலயும் அடுக்கு நடுவுலயும் தள்ளிக்கிட்டுப் போயி அங்கயே இறுகிப் போறது. பள்ளிக்கூடத்துல ஊடுருவிய பாறைன்னு படிச்சிருப்போம். வெளிய கொட்டி இறுகுனா அது எக்ஸ்ட்ரூசிவ், பசால்ட் மாதிரி. உள்ள இருக்குறதுக்கு சூடு சீக்கிரம் போகாது, அதனால ஆற அமர ஆறும், அந்த நேரத்துல படிகம் பெருசா வளரும். கிரானைட்ல கண்ணுக்கே புள்ளி புள்ளியா தெரியுதுல்ல, அது அந்தப் பொறுமையோட அளவு. செங்குத்தா வெட்டிக்கிட்டுப் போனா டைக், அடுக்குக்கு நடுவுல படுத்துக்கிட்டா சில். வட இங்கிலாந்துல ரோமானியங்க கட்டுன ஹேட்ரியன் சுவர் கொஞ்ச தூரம் இப்படி ஒரு சில் மேலதான் ஓடுது, வின் சில்னு பேரு, கிட்டத்தட்ட 30 கோடி வருஷத்துக்கு முந்தினது. எவனும் உள்ள வந்துடக் கூடாதுன்னு கட்டுன சுவரு, உள்ள தள்ளிக்கிட்டு வந்த பாறை மேல நிக்குது.

நம்ம சமையல் மேடையில போடுற கருப்பு கிரானைட்டுன்னு கடையில விக்கிறது பெரும்பாலும் கிரானைட்டே கிடையாது, டோலரைட்டு, காப்ரோ மாதிரியான கல்லு. அதுல நிறைய டைக்கா வந்த சரக்கு. அதாவது தெனமும் காய் நறுக்குறது ஒரு இன்ட்ரூடர் மேலதான். கிரானைட் கடைல போயி இது கிரானைட் இல்லன்னு நான் ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். "சார், ஸ்கொயர் ஃபீட்டு வெல அதேதான்"னாரு.

இது சாதாரணமா கண்டுபிடிச்ச விஷயமில்ல. 18ஆம் நூற்றாண்டு கடைசில ஐரோப்பால பலமான ஒரு கருத்து என்னன்னா, கிரானைட்தான் உலகத்துலயே மூத்த பாறை, ஆதிக் கடல்ல இருந்து முதல்ல படிஞ்சது அதுதான்னு. எடின்பரோக்காரரு ஜேம்ஸ் ஹட்டன் இதை நம்பல. 1785ல க்ளென் டில்ட்னு ஒரு மலைப் பள்ளத்தாக்குக்குப் போயி ஆத்துப் படுகையில பாத்தாரு, சிவப்பு கிரானைட்டு கருப்பான பழைய பாறைய நரம்பு நரம்பா வெட்டிக்கிட்டு ஓடுது. மனுஷனுக்கு தாங்க முடியாத சந்தோஷம், கூட வந்த வழிகாட்டிங்க இவரு தங்கமோ வெள்ளியோ கண்டுபிடிச்சுட்டாருன்னே நெனச்சுட்டாங்களாம், அவரு சிநேகிதர் ப்ளேஃபேர் எழுதி வச்சிருக்காரு. ஹட்டன் கண்டது என்னன்னா, ஒண்ணு இன்னொண்ண வெட்டிக்கிட்டு போகுதுன்னா, வெட்டுப்பட்டது முன்னாடியே அங்க இருந்திருக்கணும். மூத்தவன்னு நெனச்ச கிரானைட்டு அந்த எடத்துல இளையவன், அதுவும் உருகுன நிலையில உள்ள பூந்தவன்.

அப்படி உள்ள போகும்போது ரெண்டு பக்கமும் மாறும். பூந்த பாறையோட ஓரம், பச்சைத் தண்ணி பட்ட மாதிரி சட்டுன்னு ஆறி பொடி மணியா போயிரும். ஏற்கனவே இருந்த பாறையோட ஓரம் வெந்து வேற பாறையா மாறிடும். கொஞ்ச தூரம் நடந்து பாத்தா எது வீடு எது விருந்தாளின்னு கோடு கிழிக்க முடியாத எடம் வந்துடும்.

அந்தக் கோடு எவ்வளவு கஷ்டம்கிறதுக்கு பல்லாவரம் கல்லே சாட்சி. கல்கத்தாவ உருவாக்குனவர்னு பேரு அடிபடுற ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் 1693ல செத்தாரு, அவரு கல்லறைக்கு வச்ச கல்லு மெட்ராஸ் பக்கத்துல பரங்கிமலை, பல்லாவரம் பகுதில இருந்து போனது. இருநூறு வருஷம் கழிச்சு 1893ல தாமஸ் ஹாலண்டுங்கிற ஜியாலஜிஸ்ட் அந்தக் கல்ல ஆராய்ஞ்சு, கல்லறைக்காரர் பேரையே வச்சு சார்னோக்கைட்னு பேரு கொடுத்தாரு. இன்னைக்கும் உலகத்துல எங்க இந்தக் கல்லப் பத்தி பேசுனாலும் மூல எடம்னு பல்லாவரத்தச் சொல்லாம முடியாது. (அதே பல்லாவரத்துலதான் 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற ஜியாலஜிஸ்ட் பழைய கற்கால ஆயுதத்த எடுத்தாரு. ஏர்போர்ட் போற வழில அந்தக் குன்றுகளப் பாத்தா இப்ப கடை போர்டுதான் தெரியுது, அது வேற சோகம்.) ஹாலண்ட் இதை மாக்மால இருந்து வந்த இன்ட்ரூசிவ் பாறைன்னாரு. அப்புறம் வந்தவங்கள்ல பல பேரு இல்லப்பா, இது அங்கயே இருந்த பாறை, ஆழத்துல பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறுனதுன்னாங்க. ரெண்டு வழியிலயும் உண்டாகியிருக்கலாம்னும் சொன்னாங்க. வெளிய இருந்து வந்தவனா, உள்ளயே இருந்து மாறிப் போனவனா, இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வழக்கு ஓடியிருக்கு. கல்லுக்கே இப்படின்னா அத்தைக்கு என்ன சொல்ல.

அடுத்தது உச்சரிப்பு, இங்கதான் நமக்கு நேரா சம்பந்தம் வருது.

இன்ட்ரூசிவ் ஆர்னு ஒண்ணு இருக்கு. லண்டன் பக்கத்து இங்கிலீஷ் பேசுறவங்க லா அண்ட் ஆர்டர்னு சொல்லும்போது நடுவுல ஒரு ர் சத்தம் வரும், லார்-அண்ட்-ஆர்டர். எழுத்துல அந்த எடத்துல ஆர் கிடையவே கிடையாது. லாரா நார்டர்னு ஒரு பொம்பளைய தேடிக்கிட்டு இருக்காங்கன்னு இதை வச்சு அவங்களே ஜோக் அடிச்சுக்குவாங்க. ஐடியா ஆஃப்ங்கிறது ஐடியாரஃப்னு ஆகும். இது எப்படி வந்துச்சுன்னா, 18ஆம் நூற்றாண்டு வாக்குல தெக்கு இங்கிலாந்துல வார்த்தை கடைசில வர்ற ஆர் சத்தம் தேஞ்சு போச்சு, ஃபார்னு எழுதிட்டு ஃபான்னு சொல்லுவாங்க. ஆனா அடுத்த வார்த்தை உயிர்ல ஆரம்பிச்சா பழைய ர் எட்டிப் பாக்கும், ஃபாரவே. இப்ப ஒரு குழந்தைக்கு ஃபாவும் ஸ்பாவும் ஒரே மாதிரிதான் காதுல விழுது. ஃபாக்கு பின்னாடி ர் வருதுன்னா ஸ்பாக்கு பின்னாடியும் வரட்டுமேன்னு அது பாட்டுக்கு போட்டுக்குது. அவ்வளவுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா ஃபாரவேல வர்ற ர்க்கு பேரு லிங்கிங் ஆர், இணைக்கிற ஆர், மரியாதையான ஆளு. லார்-அண்ட்ல வர்ற ர்க்கு பேரு இன்ட்ரூசிவ், அத்துமீறுனவன். சத்தம் ஒண்ணுதான், நாக்கு போற எடம் ஒண்ணுதான், செய்யுற வேலையும் ஒண்ணுதான். வித்தியாசம் என்ன? ஒருத்தனுக்கு எழுத்துல பட்டா இருக்கு, இன்னொருத்தனுக்கு இல்ல. பேச்சுக்கு நியாயம் சொல்ல ஸ்பெல்லிங்க கூப்பிட்டிருக்காங்க. உச்சரிப்பு வாத்தியாருங்க ரொம்ப நாளா இந்த ர்ர திட்டிக்கிட்டே இருந்தாங்க, ஆனா சீ இட்ங்கிறப்ப நடுவுல லேசா ஒரு ய் வருதே, கோ ஆன்ங்கிறப்ப ஒரு வ் வருதே, அதை பெருசா யாரும் திட்டல. காதுக்கு உறுத்தாம வந்தா அவன் திருடன் கிடையாது போல.

அந்த ய், வ் ரெண்டையும் பாத்ததும் தமிழ் படிச்சவங்களுக்கு மணி அடிச்சிருக்கும். உடம்படுமெய். ஒம்பதாங் கிளாஸ்ல மனப்பாடம் பண்ணி மறந்துபோன நன்னூல் சூத்திரம், "இ ஈ ஐவழி யவ்வும் ஏனை / உயிர்வழி வவ்வும் ஏமுன்இவ் விருமையும் / உயிர்வரின் உடம்படு மெய்யென் றாகும்". மழை, இல்லை சேந்தா மழையில்லை. திரு, ஆரூர் சேந்தா திருவாரூர். பஸ் போர்டுல திருவாரூர்னு படிக்கும்போது அந்த வ எங்கிருந்து வந்துச்சுன்னு யாராச்சும் யோசிச்சிருக்கோமா? திருவும் அதைக் கொண்டு வரல, ஆரூரும் கொண்டு வரல. ரெண்டு உயிரு முட்டிக்கிற எடத்துல வாய் தானா போட்டுக்குற சத்தம். லண்டன்காரன் ர் போடுற எடத்துல நாம ய், வ் போடுறோம், காரியம் ஒண்ணுதான். ஆனா அவங்க இலக்கணம் அதுக்கு வச்ச பேரு இன்ட்ரூசிவ், தள்ளிக்கிட்டு வந்தது. நம்ம ஆளுங்க வச்ச பேரு உடம்படுமெய், ஒத்துப்போக வைக்கிற மெய். உடம்படுறதுன்னா உடன்படுறது. தொல்காப்பியம் இன்னும் தாராளம், உடம்படுமெய் வர்றத விலக்க மாட்டாங்கன்னு சொல்லுது, "உருவுகொளல் வரையார்"னு. வந்தா வரட்டும்கிற தொனி.

தமிழ்ப் பெருமை பேசணும்னு இதைச் சொல்லல, நம்மகிட்டயும் இடைச்செருகல்னு ஒரு வார்த்தை இருக்கு, பழைய பாட்டுல பின்னாடி யாரோ சொருகுனதுன்னு சந்தேகப்படுற வரிக்கு, அதுல எந்தத் தாராளமும் கிடையாது. கோயிலா கோவிலான்னு வருஷத்துக்கு ஒரு தடவ ஆன்லைன்ல அடிச்சுக்குறோம், அதுவும் இந்த ய், வ் சண்டைதான். சூத்திரப்படி பாத்தா ஓவுக்கு பின்னாடி வ் வரணும், கோவில். பழக்கத்துல கோயில்தான் ரொம்ப காலமா இருக்கு. பட்டா ஒருத்தன் பேர்ல, குடியிருப்பு இன்னொருத்தன்.

இங்கிலீஷ்லயே இப்படி பட்டா இல்லாம பூந்து பின்னாடி ரேஷன் கார்டே வாங்கிட்ட எழுத்துங்க இருக்கு. தண்டர்ல, இடிக்கு சொல்றது, அந்த டி ஆதில கிடையாது, பழைய இங்கிலீஷ்ல துனோர். ஜெர்மன்ல இன்னும் டோனர்தான், என்னுக்கு அப்புறம் டி இல்ல. எம்ப்டில இருக்குற பி, திம்பிள்ல இருக்குற பி, எல்லாம் நடுவுல வந்ததுங்க. மெதுவா சொல்லிப் பாருங்க, ம் சத்தத்துல இருந்து ட் சத்தத்துக்கு போகும்போது உதடு ஒரு நொடி முந்திப் பிந்தி திறந்தா ஒரு ப் தானா வெடிக்கும். சம்திங்ங்கிறத பல பேரு சம்ப்திங்னு சொல்றது அதனாலதான். சம்ப்திங்ல வந்தா தப்பு, எம்ப்டில எழுதலேன்னா தப்பு. நடுவுல ஓடுனது வெறும் ஆயிரம் வருஷம்.

மனசுக்கு வருவோம், இப்ப இளசுங்க வாயில இந்த வார்த்தை அதிகமா அடிபடுறது அங்கதான். இன்ட்ரூசிவ் தாட்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு முடிய தானே வெட்டிக்கிட்டு, இன்ட்ரூசிவ் தாட் ஜெயிச்சிடுச்சுன்னு ரீல்ஸ் போடுறாங்க. அது இன்ட்ரூசிவ் இல்ல, இம்பல்சிவ், சும்மா ஒரு திடீர் ஆசை. மனநல மருத்துவத்துல இன்ட்ரூசிவ் தாட்டுன்னா நமக்கு வேணாத, நம்ம குணத்துக்கே ஒவ்வாத நெனப்பு தானா வந்து தலைக்குள்ள நிக்கிறது. கைக்குழந்தைய தூக்கி வச்சிருக்கும்போது கீழ போட்டுட்டா என்னன்னு ஒரு மின்னல், கோயில் சன்னதில நிக்கும்போது வாயில வரக்கூடாத வார்த்தை ஒண்ணு உள்ள ஓடுறது. அந்த ஆளு அதைச் செய்ய ஆசப்படல, அதைக் கண்டு நடுங்குறான். செய்யணும்னு தோணி செஞ்சுட்டா அதுக்கு பேரு வேற.

இது பைத்தியத்தோட அறிகுறின்னு நெனச்சு வெளிய சொல்லாமயே வெந்து போறவங்க எத்தன பேரோ. 1978ல ஸ்டான்லி ராக்மேனும், இலங்கைல பிறந்து லண்டன்ல வேலை பாத்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் சேந்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆளுங்ககிட்ட கேட்டுப் பாத்தா, சுமார் 80 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி நெனப்பு வந்து போகுது. ஓசிடி, அதாவது வேணாத நெனப்பு திரும்பத் திரும்ப வந்து படுத்துற மனநோய், இருக்குறவங்களோட நெனப்பையும் இவங்க நெனப்பையும் கலந்து வச்சா எது யாருதுன்னு பிரிச்சுச் சொல்றது டாக்டருங்களுக்கே சுலபமா இல்ல. வித்தியாசம் நெனப்புல இல்ல, எத்தன தடவ வருது, வந்தப்புறம் அந்த ஆளு அதை என்ன பண்றான்கிறதுலதான். ஒருத்தன் சீன்னு உதறிட்டு பஸ் ஏறிடுறான், இன்னொருத்தன் நான் இவ்வளவு மோசமானவனான்னு அதைப் பிடிச்சு உக்கார வச்சு விசாரிக்கிறான். விரட்டுனாலும் வேலைக்காகாது. 1987ல டேனியல் வெக்னர்ங்கிறவரு ஆளுங்கள ஒரு ரூம்ல உக்கார வச்சு, அஞ்சு நிமிஷம் வெள்ளக் கரடிய நெனக்காதீங்க, நெனச்சா மணி அடிங்கன்னாரு. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இப்ப நெனக்கலாம்னு விட்டா, முதல்லயே நெனக்க விட்டவங்கள விட அடக்கி வச்சவங்களுக்கு கரடி அதிகமா வந்துச்சு. மருந்து சாப்பிடும்போது கொரங்க நெனக்காதேன்னு நம்ம ஊர்ல சொல்ற கதை எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு.

பாருங்க, இங்க வீடும் நாமதான், உள்ள வந்தவனும் நம்ம ஆளுதான். வெளிய இருந்து யாரும் வரல. ஆனாலும் இன்ட்ரூசிவ்னு சொல்றோம், ஏன்னா நான்னு நான் கிழிச்சு வச்சிருக்குற கோட்டுக்கு வெளிய இருந்து அது வந்த மாதிரி இருக்கு. இந்த வார்த்தை இதை விட விசித்திரமா எங்கயும் நிக்கல.

சட்டத்துல பின்னாடி நிலத்துல இருந்து ஆளுக்கு மாறுனதையும் சுருக்கமா சொல்லிடுறேன். 1890ல அமெரிக்கால வாரன், பிராண்டைஸ்னு ரெண்டு வக்கீலுங்க, பத்திரிகை கிசுகிசுவும் சட்டுன்னு எடுக்குற ஃபோட்டோவும் வீட்டுக்குள்ள வரைக்கும் வருதுன்னு கடுப்பாகி, தனிமைக்கு ஒரு உரிமை வேணும்னு கட்டுரை எழுதுனாங்க. கோடாக் கேமரா வந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 1960ல ப்ராசர்ங்கிற சட்டப் பேராசிரியர் அதை நாலா பிரிச்சாரு, அதுல ஒண்ணு ஒருத்தரோட தனிமைக்குள்ள இன்ட்ரூட் பண்றது. இதுல எதையும் வெளியிட வேண்டியதே இல்ல, எட்டிப் பாத்ததுக்கே வழக்குப் போடலாம். பிரிட்டன்ல 2000த்துல வந்த உளவுச் சட்டம் இன்னும் கறாரு. போலீஸ் ஒரு ஆள ரோட்டுல பின்தொடர்ந்து பாத்தா அதுக்கு ஒரு பேரு, அதே ஆளோட வீட்டுக்குள்ளயோ சொந்த வண்டிக்குள்ளயோ ஆளையோ கருவியையோ வச்சு பாத்தா அதுக்கு இன்ட்ரூசிவ் சர்வைலன்ஸ்னு தனிப்பேரு, அனுமதி வாங்குற கட்டமும் பெருசு. வாசப்படிதான் எல்லை.

நம்ம பக்கம் 1994ல ராஜகோபால் வழக்குல, ஆட்டோ சங்கரோட சுயசரிதைய நக்கீரன் போடப் போகுதுன்னு தெரிஞ்சு அதிகாரிங்க தடுக்கப் பாத்த விவகாரம், சுப்ரீம் கோர்ட்டு தனிய விடச் சொல்ற உரிமை குடிமகனுக்கு உண்டுன்னு சொல்லுச்சு, அதே நேரத்துல முன்கூட்டியே தடை போட அதிகாரிங்களுக்கு உரிமை இல்லன்னும் சொல்லுச்சு. 2017ல புட்டசாமி வழக்குல ஒம்பது நீதிபதிங்க தனியுரிமைய அடிப்படை உரிமைன்னே ஆக்குனாங்க. அதே வருஷம் ஜனவரில, மொபைல்ல பக்கத்த மூடுற விளம்பரம் போடுற சைட்டுங்கள கூகுள் கீழ தள்ள ஆரம்பிச்சுது. அதுக்கு அவங்க போட்ட பேருலயும் இன்ட்ரூசிவ் இருந்துச்சு. விளம்பரத்துலயே சம்பாதிக்கிற கம்பெனி இதைச் சொல்லுதேன்னு சிரிக்கிறதா வேணாமான்னு தெரியல.

தமிழ்ல இதுக்கு ஒரே வார்த்தை கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. பாறைக்கு ஊடுருவிய. ஆளுக்கு அத்துமீறி நுழைஞ்ச. ராணுவத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஊடுருவல். நெனப்புக்கு வேண்டாத, தானா வர்ற. கேள்விக்குத்தான் எனக்கு பல நாளா செட்டாகல. ஒரு தடவ ஒரு கணக்கெடுப்பு ஃபார்ம் வந்துச்சு, மொழிபெயர்க்க. முதல் பக்கத்துல, இதுல சில கேள்விங்க உங்களுக்கு இன்ட்ரூசிவ்வா தோணலாம், பதில் சொல்லலேன்னாலும் பரவால்லன்னு ஒரு வரி. அத்துமீறும் கேள்விகள்னு போட்டேன், ஏதோ போலீஸ் கேஸு மாதிரி இருந்துச்சு. ஊடுருவும் கேள்விகள்னு போட்டா எல்லைல ராணுவம் வந்துடுச்சு. அந்தரங்கமானன்னு போட்டா வேற எங்கயோ போகுது. கடைசில உங்கள் சொந்த விஷயங்களைத் துருவிக் கேட்பது போல்னு எழுதி அனுப்புனேன். அதுல பாருங்க, தள்ளுறதும் இல்ல, நுழையுறதும் இல்ல, வீடு வாசல் எதுவுமே இல்ல. லத்தீன்காரன் முழங்கையால இடிச்ச எடத்துல நம்ம ஆளு தேங்காத் துருவல வச்சிருக்கான். ஆனா அந்த அக்கா பொண்ணு மூஞ்சில அன்னைக்கு தெரிஞ்ச உணர்ச்சிக்கு எனக்குத் தெரிஞ்சு இதுதான் பக்கத்துல வருது.

போன வாரம் அத்தை ஃபோன் பண்ணாங்க. பேச்சுவாக்குல அன்னைக்கு நான் சொன்ன அர்த்தம் சரியில்ல, மூக்கை நுழைக்கிறது இல்ல, துருவித் துருவிக் கேக்குறீங்கன்னுதான் அவ சொன்னான்னு திருத்துனேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்ல.

"துருவாம தேங்கா எப்படிடா மூடிய விட்டு வரும்?"னாங்க. அப்புறம் நிதானமா, "அது கெடக்கட்டும், உனக்கு இந்த மொழிபெயர்ப்புல மாசம் எவ்வளவு வருது?"